ஸ்மார்ட் கேஷுவல் என்றால் என்ன உடுத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேர்காணல் அழைப்பிலோ விழா அழைப்பிதழிலோ ஒரு மூலையில் ‘உடை: ஸ்மார்ட் கேஷுவல்’ என்று போட்டுவிடுகிறார்கள். அதைப் படித்த அன்று இரவே எனக்குத் தொலைபேசி வரும். பல ஆண்டுகள் நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் வேலை பார்த்தேன். இப்போது கல்லூரி மாணவர்களை நேர்காணலுக்குத் தயார் செய்கிறேன். அப்பா தையல்காரர். அதனால் நேர்காணல் மேசைக்கு இரண்டு பக்கமும் தெரியும், துணிக்கும் இரண்டு பக்கமும் தெரியும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்றால் உண்மையில் என்ன?

கோட்டும் டையும் வேண்டாம். வீட்டில் கிடக்கும் உடையும் வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளது.

இன்னும் எளிதாகச் சொல்லலாம். பிள்ளையின் பள்ளிக்கு ஆசிரியரைப் பார்க்கப் போகிறீர்கள். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போக மாட்டீர்கள். லுங்கியிலும் போக மாட்டீர்கள். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை ஒன்றைத் தேடி எடுப்பீர்கள், தலை வாரிக்கொள்வீர்கள், கிளம்பும்போது கண்ணாடியை ஒரு முறை பார்ப்பீர்கள். அதுதான் ஸ்மார்ட் கேஷுவல். பெயர்தான் நமக்குப் புதிது, பழக்கம் பழையது.

ஃபார்மல், பிசினஸ் கேஷுவல், ஸ்மார்ட் கேஷுவல் என்று அடுக்குகிறார்களே, இவற்றில் என்ன வேறுபாடு?

ஃபார்மல் என்றால் கோட், டை, தோல் ஷூ. பிசினஸ் கேஷுவல் என்றால் டையைக் கழற்றிவிட்டு, முழுக்கைச் சட்டையை இன் செய்து, மடிப்பு வைத்த பேண்ட் போடுவது. ஸ்மார்ட் கேஷுவலில் இன்னும் ஒரு படி இறங்கலாம்: காலர் வைத்த டி-சர்ட், கருநீல ஜீன்ஸ், கயிறில்லாத லோஃபர் ஷூ எல்லாம் உள்ளே வந்துவிடும். கடைசி இரண்டுக்கும் நடுவே யாரும் கோடு கிழித்து வைக்கவில்லை. ஒரு நிறுவனத்தில் இதற்குப் பெயர் அது, இன்னொன்றில் அதற்குப் பெயர் இது. ஐயமாக இருந்தால் அழைப்பு அனுப்பியவரிடமே கேட்டுவிடுங்கள். கேட்டதற்காக யாரும் வேலையை மறுத்ததில்லை.

இது எங்கிருந்து வந்தது?

ஒரு பகுதி வெயிலிலிருந்து வந்தது, ஒரு பகுதி வியாபாரத்திலிருந்து. ஹவாய்த் தீவுகளில் பூப்போட்ட அலோஹா சட்டை தைப்பவர்கள், அதை அலுவலகத்துக்குள் நுழைக்க வழி தேடினார்கள். 1962-இல் அங்குள்ள சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் தலா இரண்டு சட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். இந்த வெப்பத்தில் கோட்டு எதற்கு என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். 1966 முதல் வெள்ளிக்கிழமைகளில் அந்தச் சட்டையோடு அலுவலகம் வருவது அங்கே வழக்கமானது. வெள்ளிக்கிழமை மட்டும் தளர்வான உடை என்ற பழக்கம் மெல்ல அமெரிக்கப் பெருநிலத்துக்கும் பரவியது.

1992-இல் அமெரிக்க ஜீன்ஸ் நிறுவனமான லீவைஸ், தன் டாக்கர்ஸ் பேண்டை விற்பதற்காக, ‘அலுவலகத்துக்குத் தளர்வான உடை எது’ என்று ஒரு சிறு கையேடு அச்சிட்டு ஏறத்தாழ 25,000 மனிதவள மேலாளர்களுக்கு அனுப்பியது. வெள்ளிக்கிழமை யார் எதை உடுத்துவது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்த மேலாளர்களுக்கு அது வரப்பிரசாதமாக இருந்தது. பேண்ட் விற்பவர்களே விதியையும் எழுதிக் கொடுத்தார்கள். ‘இதுதான் சரியான உடை’ என்று யாராவது அடித்துப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தக் கையேடு நினைவுக்கு வரும். நம் ஊர்த் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் வெள்ளிக்கிழமை ஜீன்ஸும் அந்த வரிசையில் வந்ததுதான்.

ஆண்கள் என்ன உடுத்தலாம்?

பட்டியல் சிறியது. வெளிர்நிறச் சட்டை, முழுக்கை என்றால் நல்லது. காக்கி, சாம்பல் அல்லது கருநீல நிறத்தில் ஒரு காட்டன் பேண்ட்; கடைகளில் சினோஸ் என்று கேட்டால் தருவார்கள். பெல்ட். முன்பக்கம் மூடிய ஷூ. கோட்டு இல்லாவிட்டாலும் குறையில்லை.

என்ன உடுத்துவது என்பதைவிட அது உடம்பில் எப்படி உட்காருகிறது என்பதுதான் பெரிது. அப்பா வாடிக்கையாளரை நிறுத்திவைத்து முதலில் பார்ப்பது தோள் தையலைத்தான். கையும் உடலும் சேரும் அந்தத் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். ஒரு விரல் அளவு கீழே இறங்கிவிட்டால் அண்ணன் சட்டையைத் தம்பி போட்டதுபோல் இருக்கும். இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம், நீளத்தை வெட்டலாம். தோளைச் சரிசெய்வது மட்டும் சட்டையையே பிரித்துத் தைப்பதற்குச் சமம். ஆகவே கடையில் தோளைப் பார்த்து வாங்குங்கள், மற்றதைத் தையல்காரரிடம் விடுங்கள்.

அடுத்தது கழுத்து. மேல் பொத்தானைப் போட்டால் இரண்டு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். முழுக்கை மணிக்கட்டு எலும்பில் முடிய வேண்டும். பேண்டின் கால் ஷூவின் மேல் ஒரே ஒரு மடிப்பு விழுந்து நிற்கட்டும். கீழே துணி குவிந்து தரையைப் பெருக்கினால் சட்டை எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் பயனில்லை.

சட்டையை இன் செய்ய வேண்டுமா, வெளியே விடலாமா?

சட்டையின் அடிவிளிம்பையே கேளுங்கள், அது சொல்லும். முன்னும் பின்னும் நாக்குப் போல வளைந்து நீண்டிருந்தால் அது உள்ளே செருகுவதற்காக வெட்டியது. வெளியே விட்டால் அவசரத்தில் வந்தவர்போல் தெரிவீர்கள். அடி நேராக வெட்டியிருந்தால் வெளியே விடலாம். அப்போதும் நீளம் பேண்டின் பின்பக்கப் பை பாதி மறையும் அளவோடு நிற்க வேண்டும். தொடை வரை தொங்கினால் குர்தாவும் இல்லை, சட்டையும் இல்லை. நேர்காணல் என்றால் யோசிக்கவே வேண்டாம், இன் செய்துவிடுங்கள்.

ஜீன்ஸ் போடலாமா?

விழாவுக்கு, விருந்துக்கு, பழகிய அலுவலகத்துக்குப் போடலாம். கருநீலமாக, கிழிசலும் வெளுப்பும் இல்லாமல் இருக்க வேண்டும். முதல் நேர்காணலுக்கு வேண்டாம் என்பேன். ஜீன்ஸ் பிறப்பிலேயே உழைப்பாளி உடை. பை கிழியாமலிருக்கச் செப்பு ஆணி அடித்த பேண்டுக்கு லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரும் காப்புரிமை வாங்கியது 1873-இல். டங்கரீ என்ற வேலையாட்கள் உடையின் பெயர் பம்பாயின் டோங்கிரிப் பகுதியில் விற்ற முரட்டுத் துணியிலிருந்து வந்தது. கூலிக்காரர் உடை நட்சத்திர விடுதிக்குள் நுழைந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் எந்தக் காலத்து ஆள் என்று உங்களுக்குத் தெரியாதே!

டி-சர்ட்?

காலர் இருந்தால் சரி. 1926-இல் ரெனே லாக்கோஸ்த் என்ற பிரெஞ்சு டென்னிஸ் வீரர், முழுக்கை வெள்ளைச் சட்டையில் ஆட முடியாமல், அரைக்கை பின்னலாடை ஒன்றைத் தனக்காகச் செய்துகொண்டு அமெரிக்கப் போட்டியில் இறங்கினார். 1933-இல் அதையே விற்கத் தொடங்கினார். அந்தச் சட்டையின் வழித்தோன்றல்களில் பல இன்று திருப்பூரிலிருந்துதான் உலகத்துக்குப் போகின்றன.

திருப்பூர்ப் பக்கம் போனால் காதர்பேட்டையில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஏற்றுமதியில் மிஞ்சியவை அங்கே குவிந்திருக்கும். வாங்கும்போது இரண்டு விரலால் துணியைப் பிடித்துப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதை அங்கே ஜிஎஸ்எம் என்பார்கள். காலர் டி-சர்ட்டுக்கு 200, 220 இருந்தால் உடம்பில் ஒட்டாமல் நிற்கும். 140, 150 என்றால் உள்பனியனின் விளிம்பு வெளியே தெரியும். காலரை மடித்துவிட்டுப் பாருங்கள். தானாகப் பழைய நிலைக்கு வந்தால் வாங்கலாம். அப்பளம் போல நெளிந்து நின்றால் நான்கு முறை துவைத்தால் போய்விடும்.

நெஞ்சில் பெரிய எழுத்தில் வாசகம் வேண்டாம். உங்கள் பேச்சைக் கேட்பதற்கு முன் உங்கள் நெஞ்சைப் படித்து முடித்துவிடுவார்கள்.

பெண்கள் என்ன உடுத்தலாம்?

பெண்களுக்கு ஒரு வசதி உண்டு: நம் ஊர் உடைகளே இந்த வகைக்குப் பொருத்தமாக இருக்கின்றன. பருத்திப் புடவை, சுடிதார், முழங்காலுக்கு இறங்கிய குர்தியும் நேர்க்கால் பேண்டும், சட்டையும் பேண்டும் என்று எதுவும் தகும். மெல்லிய லெக்கிங்ஸ் மட்டும் வேண்டாம். குர்தியின் பக்கவாட்டுத் திறப்பு காற்றில் பறக்கும்போது நாள் முழுவதும் அதையே இழுத்துவிட்டுக்கொண்டிருக்க நேரும். கவனம் கேள்வியில் இருக்காது, குர்தியில்தான் இருக்கும்.

புடவை என்றால் கைத்தறிப் பருத்தி. கஞ்சி அளவோடு இருக்கட்டும். மொடமொடவென்று நின்றால் உட்கார்ந்து எழுந்ததும் மடிப்பு உப்பிக்கொள்ளும். அடியில் ஃபால்ஸ் தைத்திருந்தால் கொசுவம் நேராக விழும். தோளில் ஊசி குத்திவிடுங்கள். பட்டு வேண்டாம், கல்யாணத்துக்குப் போகும் வழியில் வந்ததுபோல் இருக்கும். புடவை கட்டிப் பழக்கமில்லாதவர்கள் நேர்காணல் அன்று முதன்முதலாகக் கட்டுவது விபரீதம்.

நிறுவனங்கள் அனுப்பும் உடைச் சுற்றறிக்கைகளில் ஆண்களுக்கு இரண்டு வரி இருக்கும், பெண்களுக்கு ஒரு பக்கம் இருக்கும். துப்பட்டா, கை நீளம், கழுத்து வெட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். தைத்தவனின் மகன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் பாதி உடையைப் பற்றியதே அல்ல.

வேட்டி கட்டிக்கொண்டு போகலாமா?

விழாக்களுக்கும் விருந்துகளுக்கும் தாராளமாகப் போகலாம். இதற்காக ஒரு சட்டமே இருக்கிறது.

2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு நூல் வெளியீட்டு விழா. அப்போது சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த து. அரிபரந்தாமன் வேட்டி சட்டையில் போனார். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வேட்டியில் வந்த வழக்கறிஞர்கள் இருவரும் அப்படியே திரும்பினார்கள். கிளப்பின் உடை விதிப்படி பேண்ட், காலர் சட்டை, ஷூ வேண்டும். வெள்ளைக்காரர் காலத்து கிளப் வழக்கம், அவர்கள் கப்பல் ஏறி 67 ஆண்டுகள் ஆன பிறகும் வாசலில் காவல் நின்றுகொண்டிருந்தது.

சட்டமன்றத்தில் எல்லாக் கட்சிகளும் கொதித்தன. ஜெயலலிதா அரசு ஆகஸ்டிலேயே மசோதா கொண்டுவந்து நிறைவேற்றியது. வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ அணிந்து வந்தார் என்பதற்காக கிளப், சங்கம், அறக்கட்டளை, நிறுவனம் எதுவும் பொது இடத்தில் ஒருவரைத் தடுக்கக்கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், உரிமமும் ரத்தாகலாம். இது நுழைவு பற்றிய சட்டம் என்பதை மறக்க வேண்டாம். அலுவலகத்துக்குள் தினமும் எதை உடுத்துவது என்பது வேறு கதை. ஆனால் 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்குத் தமிழ்நாடு அரசு வெளியிட்ட உடை விதியில் பேண்ட் சட்டையோடு வேட்டிக்கும் இடம் கொடுத்தார்கள்.

நுழைய விடுவது இருக்கட்டும், வேட்டி நன்றாக இருக்க வேண்டுமே! நான்கு முழம் போதாது, எட்டு முழம் இரட்டை வேட்டியாகக் கட்டுங்கள். கரை மெல்லியதாக இருக்கட்டும். பழுப்பேறிய வெள்ளையைவிட மோசமான நிறம் உலகத்தில் கிடையாது. இடுப்பில் நிற்குமா என்ற பயம் இருந்தால் பெல்ட் போடுங்கள், அல்லது வெல்க்ரோ வைத்தது வாங்குங்கள். மரபு கெட்டுவிடாது. மேடையில் அவிழ்ந்தால்தான் கெடும். ஒன்று மட்டும்: வரவேற்பறையில் மடித்துக் கட்டாதீர்கள்.

சென்னை வெயிலில் இதெல்லாம் நடக்குமா?

துணியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் நடக்கும். பருத்தியும் லினனும் வியர்வையை உறிஞ்சிக் காற்றில் விடும். பாலியஸ்டர் உறிஞ்சாது, தோலுக்கும் துணிக்கும் நடுவே ஈரத்தைத் தேக்கும். மதியத்துக்குள் வாடையும் வந்துவிடும். லினன் கசங்கும், அது அதன் சுபாவம், கசங்கினாலும் பார்க்க நன்றாகவே இருக்கும். வெளிர்நீலத்திலும் சாம்பலிலும் அக்குள் ஈரம் பளிச்சென்று தெரியும். வெள்ளையிலும் கருநீலத்திலும் தெரியாது. பஸ்ஸில் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டம் போட்ட சட்டை பிடிக்குமா? தயங்காமல் போடுங்கள். அமெரிக்கர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே மெட்ராஸ்தான். சென்னைத் துறைமுகம் வழியாகப் போன கைத்தறிக் கட்டத்துணி, 1950களின் இறுதியிலும் 60களிலும் அங்கே பணக்காரக் கல்லூரி மாணவர்களின் கோடைச் சட்டையாக இருந்தது. தாவரச் சாயம் துவைக்கத் துவைக்க ஒழுகியது, ஒரு நிறம் மற்றொன்றில் கலந்தது. முதலில் புகார் வந்தது. விளம்பரக்காரர்கள் சும்மா விடுவார்களா? ‘சாயம் போவது உறுதி’ என்பதையே பெருமையாக விளம்பரம் செய்தார்கள். நம் வீட்டில் சாயம் போனால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். அங்கே அதற்காகவே காசு கொடுத்தார்கள்.

காலில் என்ன போடுவது?

லோஃபர், அல்லது கயிறு கட்டும் எளிய தோல் ஷூ. வெள்ளை கான்வாஸ் ஷூவும் சரி, அது உண்மையிலேயே வெள்ளையாக இருந்தால். விளையாட்டு ஷூ வேண்டாம். பெண்கள் தட்டையான செருப்பு, பெல்லி என்ற தட்டை ஷூ எதுவும் போடலாம். குதிகால் உயரம் கட்டாயமில்லை. வேட்டிக்குத் தோல் வார் செருப்பு, ஷூ போட்டால் பொருந்தாது.

காலுறையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. நம் ஊரில் எந்த வாசலில் ஷூவைக் கழற்றச் சொல்வார்கள் என்று தெரியாது. ஒரு விருந்தில் வீட்டுக்காரர் வாசலில் நின்று வரவேற்க, நான் ஷூவைக் கழற்றினேன். இடது கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்து அவருக்கு வணக்கம் சொன்னது. அன்று மாலை முழுவதும் ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்தே நின்றிருந்தேன்.

திறமை இருந்தால் போதாதா? உடைக்கு எதற்கு இவ்வளவு முக்கியம்?

போதும் என்றுதான் சொல்ல ஆசை. ஆனால் மனித மூளை அப்படி வேலை செய்வதில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஒரே முகத்தைச் சற்று வசதியானவர் உடையிலும் சற்று வசதி குறைந்தவர் உடையிலும் காட்டினார்கள். கண்ணிமைக்கும் நேரம்தான், சில சோதனைகளில் ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு. வசதியான உடையில் இருந்த முகத்தையே திறமையானவர் என்று மக்கள் மதிப்பிட்டார்கள். ‘உடையைப் பார்க்காதீர்கள்’ என்று சொல்லிப் பார்த்தார்கள், இருவருக்கும் ஒரே வருமானம் என்று சொல்லிப் பார்த்தார்கள், சரியாக மதிப்பிட்டால் பணம் தருவதாகவும் சொன்னார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

என் கதையும் அதுதான். ஒரு வளாக நேர்காணலில் ஓர் இளைஞன் வந்து உட்கார்ந்தான். சட்டைக் காலரின் மடிப்பு தேய்ந்து நூல் பிரிந்திருந்தது. என் பேனா தானாகத் தாளின் ஓரத்தில் ஒரு சிறு கோடு போட்டது. நான் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்குப் போடும் கோடு. அவன் இன்னும் பெயரைக்கூடச் சொல்லியிருக்கவில்லை. பிறகு அவன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டியபோது கவனித்தேன்: காலரின் மறுபக்கம் நேர்த்தியாகக் கையால் தைத்து ஒட்டப்பட்டிருந்தது. அப்பா கடையில் நூறு முறை பார்த்த வேலை அது. தேய்ந்த காலரைப் பிரித்துப் புரட்டித் தைப்பார்கள். சட்டைக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆயுள் கூடும். அந்தச் சட்டை புரட்டித் தைத்து, அந்தப் பக்கமும் தேய்ந்த சட்டை. அவனைத் தேர்வு செய்தோம், பதில்களுக்காகத்தான். ஆனால் அந்தக் கோடு போட்ட கை என்னுடையது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுப்பவர்கள் இந்தக் கேள்வியை உங்களுக்கு முன்பே படிக்க வேண்டும்.

அப்படியானால் ‘ஆள் பாதி ஆடை பாதி’ என்பது அநியாயம் இல்லையா?

அநியாயம் உண்டு. உடை வெறும் துணி என்றால் அதற்காக யாரும் அடிபட்டிருக்க மாட்டார்கள். தெற்குத் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. தோள்சீலைப் போராட்டம் என்பது அதன் பெயர். 1859-இல் அரசர் பிரகடனம் வெளியிட்டார். அதிலும் மேல்சாதிப் பெண்கள் அணிவதுபோல் அணியக்கூடாது என்று ஒரு நிபந்தனை.

இதை அறிந்தவரால்தான் அம்பேத்கர் ஏன் கோட்டும் சூட்டும் அணிந்தே நின்றார் என்று புரிந்துகொள்ள முடியும். நல்ல துணி உடுத்துவதே குற்றம் என்று சொல்லப்பட்டவர்களின் தலைவர் அவர். காந்தியோ 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேல மாசி வீதியில் சட்டையையும் நீள வேட்டியையும் விட்டு அரை வேட்டிக்கு மாறினார். ஒருவர் உடுத்திப் பேசினார், ஒருவர் களைந்து பேசினார். தோற்றம் பேசும் என்பதில் இருவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

புதிதாக வாங்கப் பணம் இல்லை. என்ன செய்வது?

ஒரு பேண்ட், இரண்டு சட்டை போதும். உண்மையாகத்தான் சொல்கிறேன். ‘கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்ற பழமொழியைக் கண்டிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். துணியின் விலை உங்கள் கையில் இல்லை, துவைப்பது உங்கள் கையில் இருக்கிறது என்று அது தைரியம் சொல்கிறது. மூவாயிரம் ரூபாய்ச் சட்டை தோளில் தொங்கினால் தோற்கும். முந்நூறு ரூபாய்ச் சட்டையைத் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து இடுப்பைப் பிடித்து வாங்கினால் வெல்லும்.

துவைத்ததும் உதறிக் காயவையுங்கள், பாதி இஸ்திரி அங்கேயே முடிந்துவிடும். உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் காயப்போட்டால் நிறம் நிற்கும். சற்று ஈரமாக இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். காலரை நுனியிலிருந்து நடுவை நோக்கித் தேய்க்க வேண்டும். நடுவிலிருந்து நுனிக்குத் தள்ளினால் நுனியில் சுருக்கம் கட்டிக்கொள்ளும். அடுத்து கை, அடுத்து முதுகு, கடைசியில் முன்பக்கம். இஸ்திரிப் பெட்டி இல்லையென்றால் தெருவில் கரிப்பெட்டி வண்டிக்காரர் இருப்பார். அவரும் இல்லாத ஊரில், அடி தட்டையான சொம்பில் கொதிக்கும் நீரை ஊற்றித் துணியைப் பிடித்துக்கொண்டு தேய்க்கலாம். அம்மா அப்படித்தான் என் பள்ளிச் சட்டைக்குத் தேய்த்தார். கடையில் இருந்த பெட்டி வாடிக்கையாளர் துணிக்கு மட்டும்தான். பேண்டை மடிப்பு பார்த்து மடித்து இரவு பாய்க்கு அடியில் வைத்துப் படுத்தாலும் காலையில் கோடு நிற்கும், நீங்கள் புரளாமல் தூங்கினால்.

நெற்றியில் விபூதி, குங்குமம், பூ, தாடி?

எல்லாம் இருக்கலாம். தாடியின் ஓரம் வெட்டியிருக்கட்டும், நகமும் அப்படியே. வாசனைத் திரவியம் ஒரு தெளிப்புக்கு மேல் வேண்டாம். குளிரூட்டிய சிறு அறையில் மூன்று பேர் மூச்சு விட வேண்டும். மல்லிகைக்கும் இதே கணக்கு.

வீடியோ நேர்காணலுக்கு?

மேலே சட்டை, கீழே லுங்கி என்று உட்கார்ந்து, மின்சாரம் போனதும் எழுந்து ஓடியவர்களை நான் திரையில் பார்த்திருக்கிறேன். முழுதாக உடுத்துங்கள். நெருக்கமான மெல்லிய கோடுள்ள சட்டை கேமராவில் அலையலையாக நெளியும், அதைத் தவிருங்கள்.

சட்டைப் பையில் பேனாவும் செல்போனும் வைக்கலாமா?

செல்போன் வேண்டாம். அதன் எடையில் சட்டையின் ஒரு பக்கம் இறங்கும், இவ்வளவு நேரம் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த தோள் தையலும் கூடவே நகரும். பேனா ஒன்று வைக்கலாம். மூடியை அழுத்தி மூடியிருக்கிறீர்களா என்று கிளம்பும் முன் பாருங்கள். அப்பாவின் கடையில் ‘இதைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள்’ என்று வந்த சட்டைகளில் பெரும்பாலானவற்றில் பையின் அடியில் நீல வட்டம் ஒன்று இருக்கும். அவர் பையை மட்டும் பிரித்து எடுத்துவிடுவார். அடியில் கறை இல்லாத, வெயில் படாத துணி, சட்டையின் மற்ற இடத்தைவிடப் புதிதாக, ஒரு சதுரமாகத் தெரியும்.